பொன் செய்யப் போனவர்கள்: ஐரோப்பிய ரசவாதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசவாதி என்றதும் நீளத் தாடி, கூம்புத் தொப்பி, கொதிக்கும் பானை என்று ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது. இந்த ஆட்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்த படம் வேறு. இவர்களில் பலர் கடனில் மூழ்கிய பிரபுக்களிடம் ஒப்பந்த வேலை பார்த்தவர்கள். முன்பணம் வாங்கினார்கள், தவணை சொன்னார்கள், தவணை தப்பியதும் ஓடினார்கள், இல்லாவிட்டால் பூட்டப்பட்டார்கள். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வந்து விழுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் சித்தர்களின் ரசவாதம் தனிக் கதை. அதை இதில் கலக்கவில்லை.

ஈயத்தைப் பொன்னாக்கலாம் என்று படித்தவர்களே எப்படி நம்பினார்கள்?

கண்ணால் பார்த்ததை வைத்துத்தான். ஈயத் தாதுவை உருக்கி, ஈயத்தைக் காற்றில் எரித்து ஒதுக்கினால் அடியில் ஒரு துளி வெள்ளி மிஞ்சும். தாதுவில் முதலிலிருந்தே வெள்ளி கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அன்றைக்கு அடுப்படியில் நின்றவருக்கு ஈயம்தான் வெள்ளியானது போல இருந்திருக்கும்.

இன்னும் நல்ல சாட்சி ஒன்று உண்டு. இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஹெரன்குருண்ட் என்றொரு செம்புச் சுரங்க ஊர். சுரங்கத்தில் ஊறும் நீரில் மயில்துத்தம் கரைந்திருக்கும். அதில் பழைய இரும்பைப் போட்டுவைத்தால் இரும்பு கரைந்துபோய், அந்த இடத்தில் செம்பு படியும். அந்தச் செம்பில் கிண்ணங்கள் செய்து, "இரும்பாய் இருந்தேன், செம்பானேன்" என்ற பொருளில் ஜெர்மன் வரிகள் பொறித்து விற்றார்கள். கடையில் இப்படி ஒரு கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவரிடம் போய், உலோகம் மாறாது என்று எப்படி வாதாடுவது?

இதற்கு ஒரு கோட்பாடும் துணை இருந்தது. மண்ணுக்குள் பாதரசமும் கந்தகமும் கூடித்தான் எல்லா உலோகமும் உண்டாகின்றன என்பது அரபு நூல்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த கருத்து. அந்தக் கணக்கில் ஈயம் காய், பொன் பழம். பூமி நூற்றாண்டுக் கணக்கில் பழுக்கவைப்பதை உலையில் சில மாதங்களில் பழுக்கவைக்க ஒரு பொருள் வேண்டும். நாம் பரிசவேதி என்கிறோமே, அதுதான் அவர்கள் தேடிய கல்.

யார் இவர்கள்? மந்திரவாதிகளா?

மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், பொற்கொல்லர்கள், சுரங்க வேலை தெரிந்தவர்கள், கொஞ்சம் பாதிரிமார்கள். பாதிரிமார்களும் கை வைத்ததால்தானோ என்னவோ, 1317-இல் போப் 22-ஆம் ஜான் போலிப் பொன் செய்பவர்களைக் கண்டித்து ஆணை போட்டார். ஆணையால் யாரும் அடுப்பை அணைத்ததாகத் தெரியவில்லை.

நிக்கோலா ஃபிளமெல் சாகாவரம் பெற்றவராமே?

1418-இல் இறந்தார். கல்லறைக் கல் பாரிஸில் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபிளமெல் பாரிஸில் கையெழுத்துப் பிரதிகள் எழுதி விற்றவர். பெர்னெல் என்ற வசதியான விதவையை மணந்தார், வீடு நிலம் என்று சொத்து சேர்ந்தது, இருவரும் நிறைய தானம் செய்தார்கள். அவர் ரசவாதம் செய்தார் என்பதற்கு அவர் காலத்து ஆதாரம் ஒன்றுகூட இல்லை. 1612-இல், அதாவது இறந்து ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, அவர் எழுதியதாகச் சொல்லி ஒரு ரசவாத நூல் அச்சானது. அங்கே தொடங்கியதுதான் இன்றுவரை ஓடுகிற கதை. எழுத்து வேலை பார்த்தவன் நேர்மையாகப் பணக்காரனாக முடியாது என்று ஊர் நினைத்திருக்கும்போல.

ஒரு ரசவாதியின் அன்றாடம் எப்படி இருந்தது?

நெருப்பைக் காப்பதுதான் முக்கால்வாசி வேலை. வெப்பமானி கிடையாது. கரியின் நிறம், துருத்தியின் வேகம், மூசைக்கு (உலோகம் உருக்கும் மண்கலத்துக்கு) வெளியே உணரும் சூடு, இவற்றை வைத்துத்தான் கணக்கு. சில வேலைகளுக்குச் சூடு வாரக்கணக்கில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாதி இரவில் கண் அயர்ந்தால் அத்தனையும் வீண்.

நல்ல மூசை கிடைப்பது பெரும்பாடு. ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதி மூசைகளுக்கு ஐரோப்பா முழுவதும் கிராக்கி இருந்தது. எத்தனை சூடு கொடுத்தாலும் விரிசல் விடாது, திராவகம் ஊற்றினாலும் அரிக்காது. அதன் ரகசியம் முல்லைட் என்ற கனிமம் என்று 2006-இல்தான் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மிக அதிகச் சூட்டில் சுட்டபோது களிமண்ணுக்குள் தானாகவே உருவான பொருள் அது. அந்தக் குயவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் 1558-இல் பீட்டர் புரூகல் வரைந்த ரசவாதி ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். கணவன் கடைசிக் காசை மூசையில் போடுகிறான். மனைவி காலிப் பணப்பையைத் தூக்கிக் காட்டுகிறாள். பிள்ளைகள் வெறும் அலமாரிக்குள் ஏறி விளையாடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், அதே குடும்பம் ஏழைகள் விடுதி வாசலில் நிற்கிறது.

அவர்கள் எழுத்து ஏன் புதிராகவே இருக்கிறது?

தொழில் ரகசியம். "சாம்பல் ஓநாய் அரசனைத் தின்னட்டும். பிறகு ஓநாயை நெருப்பில் எரி. அரசன் எழுந்து வருவான்" என்ற போக்கில் ஒரு குறிப்பு வரும். பைத்தியக்காரத்தனம் போலத் தெரிகிறது இல்லையா? அரசன் என்றால் பொன், ஓநாய் என்றால் அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனி உலோகமும் கந்தகமும் சேர்ந்த தாது. மாற்றுக் குறைந்த பொன்னை அஞ்சனக்கல்லோடு உருக்கினால் அதிலுள்ள செம்பும் வெள்ளியும் கந்தகத்தோடு சேர்ந்து மேலே ஒதுங்கும். பொன் அடியில் இறங்கும். அதோடு ஒட்டிக்கொண்ட ஆன்டிமனியைக் காற்றில் புகையாக ஓட்டிவிட்டால் சுத்தமான பொன் மிஞ்சும். இது கச்சிதமான செய்முறை, இன்றும் செய்து காட்டலாம்.

இந்த ஓநாயை நமக்குத் தந்த பசில் வாலன்டைன் 15-ஆம் நூற்றாண்டுத் துறவி என்று சொல்லப்பட்டார். நூல்கள் வெளிவரத் தொடங்கியது 1599-இல். அப்படி ஒரு துறவி இருந்ததற்குத் தடயமே இல்லை. நூல்களை வெளியிட்ட யோஹான் டெல்டே உப்புத் தொழில் நடத்தியவர்; பெரும்பாலும் அவரேதான் துறவியும் என்கிறார்கள்.

ஏமாற்றுக்காரர்கள் எத்தனை பேர்?

தலைக்கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் வித்தைகளின் பட்டியல் இருக்கிறது. 1722-இல் எத்தியேன் ஜோஃப்ருவா என்ற வேதியியலாளர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அவற்றைப் புட்டுப்புட்டு வைத்தார். இரட்டை அடி வைத்த மூசை: மேல் அடி சூட்டில் கரைய, கீழே ஒளித்திருந்த பொன் வெளிவரும். உள்ளே குடைந்து பொற்பொடி அடைத்து, நுனியை மெழுகால் மூடிய கோல்: கிளறும்போது மெழுகு உருகிப் பொடி கொட்டும். பாதி பொன், பாதி இரும்பாகப் பொருத்திய ஆணி: பொன் பாதியில் கறுப்பு பூசியிருக்கும், "மருந்தில்" நனைத்தால் பூச்சு போய்விடும்.

மாட்டிக்கொண்டால் முடிவு பயங்கரம். ஜார்ஜ் ஹோனவர் பொற்கொல்லர் தொழில் பழகியவர். பிரபு என்று சொல்லிக்கொண்டு வுர்ட்டெம்பெர்க் கோமகன் ஃபிரெட்ரிக்கிடம் சேர்ந்தார். 1597-இல் ஸ்டுட்கார்ட்டில் அவரை இரும்புத் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். பொன்னாக்கித் தருவதாக அவர் சொன்ன இரும்பிலேயே செய்த மரம். அதை அப்படியே விட்டுவைத்து, பின்னால் வந்த வேறு ரசவாதிகளுக்கும் பயன்படுத்தினார்கள். 1709-இல் பிரஷ்யாவின் க்யூஸ்ட்ரின் கோட்டையில் தொமெனிகோ கயெத்தானோவைத் தூக்கிலிட்டபோது மரத்தையே பொன்னிறத் தகடால் அலங்கரித்தார்கள். அரசர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்தது, கருணைதான் இல்லை.

ஒன்று கவனியுங்கள். ஏமாந்ததற்காக எந்தக் கோமகனும் தண்டிக்கப்படவில்லை.

ஜான் டீ, எட்வர்ட் கெல்லி கதை உண்மையா?

நடந்ததே கதையைவிட விசித்திரம். டீ கணித மேதை, எலிசபெத் அரசிக்கு ஜோதிட ஆலோசகர். மோர்ட்லேக்கில் இருந்த அவர் வீட்டு நூலகம் இங்கிலாந்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று. கெல்லி கல்லில் பார்த்து "தேவதூதர் சொல்வதை" ஒப்பிப்பவர். 1583-இல் இருவரும் குடும்பத்தோடு போலந்துக்கும் பிறகு பொஹீமியாவுக்கும் (இன்றைய செக் நாடு) போனார்கள். த்ரேபோன் ஊரில் ரோசம்பர்க் பிரபு ஆதரித்தார். 1587-இல், இருவரும் மனைவிமாரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தேவதூதர் கட்டளையிட்டதாகக் கெல்லி சொன்னார். டீயின் மனைவி ஜேன் அழுது கோபப்பட்டதை டீயே குறித்துவைத்திருக்கிறார். கடைசியில் நால்வரும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

1589-இல் டீ ஊர் திரும்பினால், நூலகம் சூறையாடப்பட்டுக் கிடக்கிறது. கெல்லி அங்கேயே தங்கினார். ரசவாதப் பித்துப் பிடித்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அவருக்கு வீரர் பட்டம் கொடுத்தார். அப்புறம் 1591-இல் அவரே பிடித்துக் கோட்டையில் அடைத்தார். இங்கிலாந்தில் அரசியின் தலைமை அமைச்சர் பர்லி பிரபு வேறு, கடற்படைச் செலவுக்கு உதவும், கொஞ்சம் பொடியாவது அனுப்பு என்று கெல்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ராஜ்ஜியத்தின் பொக்கிஷக் கணக்கு அப்படி நடந்தது.

பொன் செய்யப் போய் வேறு ஏதாவது உருப்படியாகக் கிடைத்ததா?

யோஹான் ஃபிரெட்ரிக் பெட்கரைப் பற்றிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் ரசவாதிகள் வரலாற்றிலேயே பெரிய கதை இதுதான்.

பெர்லினில் மருந்துக்கடைப் பயிற்சிப் பையன். 1701-இல், 19 வயதில், சாட்சிகள் முன்னால் வெள்ளிக் காசுகளைப் பொன்னாக்கிக் காட்டினார். கை வித்தைதான். ஆனால் செய்தி பிரஷ்ய மன்னர் காதுக்குப் போய்விட்டது. பையன் பயந்து எல்லை தாண்டி சாக்ஸனிக்கு ஓடினார். சாக்ஸனியை ஆண்டவர் பலசாலி என்று பெயரெடுத்த அகஸ்டஸ். போலந்து மகுடத்துக்கும் போருக்கும் பீங்கானுக்கும் பணத்தை வாரி இறைத்தவர். பிரஷ்யா ஆளைத் திருப்பிக் கேட்டது. அகஸ்டஸ் தர மறுத்து ட்ரெஸ்டனுக்குக் கொண்டுவந்து பூட்டிவைத்தார்.

1703-இல் பெட்கர் தப்பி ஆஸ்திரியா வரை போனார், பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1706-இல் ஸ்வீடன் படை சாக்ஸனிக்குள் நுழைந்தபோது, எதிரி கையில் சிக்கக்கூடாத பொருள் போல அவரைக் கேனிக்ஸ்டைன் கோட்டைக்கு மாற்றினார்கள். சம்பளம் உண்டு, உதவியாட்கள் உண்டு, நல்ல சாப்பாடும் மதுவும் உண்டு. வெளியே போகத்தான் முடியாது.

அவரைத் தூக்குமரத்திலிருந்து காப்பாற்றியவர் எரன்ஃப்ரீட் வால்டர் ஃபொன் சிர்ன்ஹவுஸ் என்ற கணிதவியலாளர். பெரிய பெரிய குவியாடிகளும் வில்லைகளும் வைத்துச் சூரிய வெப்பத்தைக் குவித்து மண்ணையும் பாறையையும் உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய தேடல் பொன் அல்ல, சீனப் பீங்கான். ஐரோப்பாவில் யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்ததைத்தான் வாங்கினார்கள். பெட்கரிடம் உலை வேலையில் பழகிய கை இருந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் சேர்ந்தார். முதலில் கடினமான சிவப்புச் சுடுமண் வந்தது. 1708 ஜனவரி 15 தேதியிட்ட ஆய்வுக்கூடக் குறிப்பு ஒன்று உண்டு: வெண்களிமண்ணையும் அலபாஸ்டர் என்ற மென்மையான வெண்கல்லையும் வெவ்வேறு அளவில் கலந்து மணிக்கணக்கில் சுட்டதன் விவரம். சில துண்டுகளுக்கு எதிரே லத்தீனில் "வெண்மை, ஒளி ஊடுருவுகிறது" என்று எழுதியிருக்கிறது. ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் அந்த வரியில் பிறந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்தார். 1709 மார்ச்சில் பெட்கர் செய்தியை மன்னருக்கு எழுதினார். 1710-இல் மெய்சன் நகரின் குன்றுக் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கியது. கண்டுபிடித்ததற்குப் பரிசு விடுதலை என்று நினைப்பீர்கள். 1714 வரை விடவில்லை, ரகசியம் வெளியே போய்விடுமாம். ஐந்தே ஆண்டில், 37 வயதில், குடியும் உலைப் புகையும் தின்ற உடம்போடு இறந்தார். யார் உண்மையான கண்டுபிடிப்பாளர், இவரா சிர்ன்ஹவுஸா என்று இன்னும் சண்டை நடக்கிறது. இருவரும் சேர்ந்துதான் என்பது என் தீர்ப்பு. ஒருவரிடம் வழி இருந்தது, இன்னொருவரால் அறையை விட்டுப் போக முடியாது.

சிறுநீரில் பொன் தேடியவர் யார்?

ஹம்பர்க் நகர ஹென்னிக் பிராண்ட். சிறுநீரும் பொன்னும் ஒரே நிறம் என்பது ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். மனைவி கொண்டுவந்த பணத்தைச் செலவழித்து, பீப்பாய் பீப்பாயாகச் சிறுநீரைச் சேர்த்து, காய்ச்சிச் சுண்டவைத்து, அந்த வண்டலைக் கடும் சூட்டில் வாலையில் வடித்தார். அண்டை வீட்டார் என்ன சொன்னார்களோ! 1669-இல் கலத்தில் இறங்கியது இருட்டில் தானாக ஒளிவீசியது. பாஸ்பரஸ். பண்டைக்காலத்தில் தெரியாத ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் தெரிகிற முதல் மனிதர் அவர்தான். பணம் பார்த்தது அவரிடமிருந்து வாங்கி அரண்மனை அரண்மனையாகக் காட்டித் திரிந்த யோஹான் டேனியல் கிராஃப்ட்.

எல்லாரும் பொன் பின்னால்தான் போனார்களா? மருந்து?

மருந்துதான் பலருக்கு முதல் நோக்கம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த பாரசெல்சஸ், ரசவாதத்தின் வேலை பொன் செய்வதல்ல, மருந்து செய்வது என்று சாதித்தார். 1527-இல் பாசெல் நகர மருத்துவரானார், லத்தீனை விட்டு ஜெர்மனில் பாடம் நடத்தினார், பழைய மருத்துவப் பாடநூலைத் திருவிழா நெருப்பில் தூக்கி எறிந்தார். மறு ஆண்டே ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. நஞ்சா மருந்தா என்பதை அளவுதான் முடிவு செய்கிறது என்ற கருத்து அவருடையது. அப்புறம் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து வான் ஹெல்மான்ட். வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்தவர்.

பெண்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். ஆனா சீக்லரின் ஜெர்மனியின் வொல்ஃபென்பியூட்டல் அரண்மனையில் வேலை பார்த்தவர். "சிங்க ரத்தம்" என்ற எண்ணெயால் பரிசவேதி செய்யலாம், குளிர்காலத்தில் கனி பழுக்கவைக்கலாம் என்று சொன்னார். 1575-இல் அவரை எரித்துக் கொன்றார்கள். இவருக்கு நேர்மாறு பிரான்சின் மரி மெர்த்ராக். 1666-இல் பெண்களுக்காக ஒரு வேதியியல் நூல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் அறிவுக்கு ஆண் பெண் கிடையாது என்று வாதாடுகிறார். மருந்து, வாலை வடிப்பு, அழகுசாதனம் எல்லாம் அதில் உண்டு.

நியூட்டனுமா?

நியூட்டனேதான். ரசவாதம் பற்றி அவர் கைப்பட எழுதியது ஏறக்குறைய 10 லட்சம் சொற்கள். 1680-களில் அவரிடம் இருந்த உதவியாளர் சொன்னபடி, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆறு வாரம் போல உலை இரவும் பகலும் அணையாது. ஓர் இரவு இவர் விழிப்பார், மறு இரவு அவர். நியூட்டனின் தாள்களை 1888-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகைப்படுத்தி முடித்தபோது, அறிவியல் தாள்களை வைத்துக்கொண்டு, ரசவாதத் தாள்களில் பெரும்பகுதியையும் சமயத் தாள்களையும் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தது. 1936-இல் அவை ஏலத்துக்கு வந்தன. கணிசமான பகுதியைப் பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் தேடித் தேடி வாங்கினார்.

நியூட்டன் வரிவரியாகப் படித்த ஆசிரியர் "ஃபிலலீத்தஸ்". அது பெர்முடாவில் பிறந்து ஹார்வர்டில் படித்து லண்டன் வந்த ஜார்ஜ் ஸ்டார்க்கியின் புனைபெயர். கடனுக்காகச் சிறை சென்றவர், 1665 பிளேக்கில் நோயாளிகளைப் பார்க்கப்போய் இறந்தார். ராபர்ட் பாயிலுக்கு உலை வேலை சொல்லிக்கொடுத்தவரும் இவரே. அந்தப் பாயில்தான், பொன் வெள்ளி "பெருக்குவது" குற்றம் என்ற 1404-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1689-இல் நீக்கப் பாடுபட்டார். பொன் செய்வதில் வெற்றி கிடைத்துவிடும் என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

பாதரசம் அவர்களைக் கொல்லவில்லையா?

மெல்ல மெல்ல. நியூட்டனின் தலைமுடியை 1979-இல் சோதித்தபோது பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. 1693-இல் அவருக்கு வந்த மனக்கலக்கத்துக்கு அதுதான் காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. புகைபோக்கி சரியில்லாத அறையில் ஈயமும் பாஷாணமும் பாதரசமும் காய்ச்சியவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததுதான் ஆச்சரியம்.

கடைசி ரசவாதி யார்?

ஜேம்ஸ் பிரைஸ் என்று சொல்வது வழக்கம். லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1782-இல் கில்ட்ஃபோர்டில், பாதரசத்தை வெள்ளைப் பொடியால் வெள்ளியாகவும் சிவப்புப் பொடியால் பொன்னாகவும் மாற்றிப் பிரமுகர்களுக்குக் காட்டினார். சொசைட்டி திரும்பச் செய்து காட்டச் சொன்னது. சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தார். 1783 ஆகஸ்டில் மூன்று உறுப்பினர்கள் பார்க்க வந்தார்கள். தயாராக வைத்திருந்த நஞ்சைக் குடித்து அவர்கள் முன்னாலேயே இறந்தார். இதை வெறும் மோசடிக் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. பணமும் பட்டமும் இருந்த ஆளுக்கு எதற்கு இந்த வேலை?

இன்றைக்கு ஈயத்தைப் பொன்னாக்க முடியுமா?

முடிகிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்கள் ஒன்றையொன்று உரசாமல் மிக நெருங்கிப் பறக்கும்போது மூன்று புரோட்டான்கள் கழன்று பொன் அணுக்கரு உருவாகிறது. 2015 முதல் 2018 வரை கிடைத்தது 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 29 பங்கு. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சிதைந்துவிடும்.

நேரில் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பாரிஸில் மோன்மோரான்சி தெருவில் ஃபிளமெல் 1407-இல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது, கீழே உணவகம். ப்ராக் கோட்டையின் தங்கச் சந்தில் ரசவாதிகள் குடியிருந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்பாதீர்கள், அங்கே இருந்தவர்கள் கோட்டைக் காவலர்கள். டீயின் கறுப்புக் கண்ணாடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் எரிமலைக் கண்ணாடியில் செய்த பொருள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ட்ரெஸ்டன் போங்கள். அரண்மனைப் பீங்கான் தொகுப்பில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமான நீல வெள்ளைச் சீனச் சாடிகள் சில இருக்கும். பெட்கரின் உலை ஓடத் தொடங்கிய பின்னும் அகஸ்டஸுக்குச் சீனப் பீங்கான் ஆசை அடங்கவில்லை. 1717-இல் பிரஷ்ய மன்னரிடம் 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பாத்திரங்களை வாங்கினார். அந்தச் சாடிகளுக்கு இன்றும் குதிரைவீரர் சாடி என்றுதான் பெயர்.